வாடிய தக்காளியிலிருந்து எஃபெக்டர் வரை: ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வேளாண் படிப்பு முடித்துவிட்டுப் பெங்களூருக்கு ஆய்வு மாணவராக வந்து இறங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு பட்டியல் கொடுக்கப்படும். ஒரு நோய்க்கிருமி சுரக்கும் எழுபது புரதங்களின் பெயர்கள் அதில் இருக்கும். ‘இவற்றில் எது செடியின் எதிர்ப்பாற்றலை முடக்குகிறது என்று கண்டுபிடியுங்கள்’ என்பார்கள். அப்படிச் செடிக்குள் கை வைக்கும் கிருமிப் புரதத்துக்குத்தான் எஃபெக்டர் என்று பெயர். அந்தப் பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, முதலில் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போய் வாருங்கள்.

முதல் படி: நோயைக் கண்ணால் பாருங்கள்

காலையில் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் மாலூர், கோலார் பக்கம் போய்ச் சேரலாம். அங்கே கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் புழங்கும். பேச்சுக்குத் தடை இருக்காது. நாம் வாடல் நோய் என்பதை அங்கே ‘சொரகு ரோகா’ என்பார்கள். நோய் கண்ட செடியில் இலை மஞ்சளாகாது. பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிடும். முதல் இரண்டு நாட்கள் நண்பகலில் தொங்கி, மாலையில் நிமிரும். பிறகு நிமிராது.

அப்படிப்பட்ட ஒரு செடியின் அடித்தண்டை விரல் நீளத்துக்கு அறுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை நீரில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். கை ஆடக்கூடாது. சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து வெள்ளையாக, பால் நூல் போல ஒன்று இறங்கும். அறுந்துபோகாமல் அடிவரை இறங்கி அங்கே புகைபோலக் கலையும். எனக்கு இதை முதலில் காட்டியவர் பேராசிரியர் அல்ல. மாலூர்ப் பக்கத்து வயதான விவசாயி ஒருவர். ‘பால் இறங்குகிறது பாருங்கள் அம்மா’ என்றார். அந்தப் பால் முழுவதும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா. பூஞ்சையால் வரும் வாடலில் இந்த நூல் இறங்காது. ஆகவே இது அழகான காட்சி மட்டுமல்ல, நோயறியும் சோதனையும்கூட.

அந்த நூலைப் பார்த்தபின் பட்டியலைப் படித்தால் கேள்வியே வேறாகிவிடும். தன் நீர்க்குழாய்களுக்குள் இவ்வளவு கூட்டம் பெருகும்வரை செடி ஏன் சும்மா இருந்தது? அதைச் சும்மா இருக்க வைத்தவை எவை?

இரண்டாம் படி: கிருமியைப் பிரித்து வையுங்கள்

டம்ளர் நீரிலிருந்து ஒரு துளி எடுத்து, கெல்மன் ஊடகம் எனப்படும் டெட்ரசோலியம் கலந்த அகர் தட்டில் கோடிழுத்து, 28 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். வேண்டியது, ஒழுங்கற்ற ஓரமும் நடுவில் இளஞ்சிவப்பும் சுற்றிலும் பால்வெள்ளையும் கொண்ட, வழிந்தோடும் காலனி. வட்டமாக, சிறியதாக, முழுக்க அடர்சிவப்பாக இருப்பது நோயுண்டாக்கும் திறனை இழந்துவிட்டது. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தக் கிருமி இப்படி மாறிவிடும். ஆகவே முதல் நாளே நல்ல காலனியைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். தொற்றுநீக்கிய வெறும் தண்ணீரிலும் இது நெடுநாள் உயிரோடிருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: கழுவிய நீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யாமல் எதையும் வெளியே விடாதீர்கள், தோட்டத்தில் மிதித்த செருப்போடு கண்ணாடி வீட்டுக்குள் வராதீர்கள். நம் ஊழியர்களில் பலருக்கு ஊரில் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் விளையும் நிலம் இருக்கிறது.

மூன்றாம் படி: யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

செடிக்கு நம்மைப்போல் ரத்தத்தில் ஓடும் காவல் செல்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். செல்லின் வெளிச்சவ்வில் ஏற்பிகள் நிற்கின்றன. பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது; எஃப்எல்எஸ்2 என்ற ஏற்பி அதை மோப்பம் பிடித்துவிடும். பூஞ்சையின் கைட்டின் துண்டுகளுக்கு வேறு ஏற்பிகள். மோப்பம் கிடைத்த சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, வினைமிகு ஆக்சிஜன் வெளிப்படுகிறது, செல்சுவர் தடிக்கிறது. பெரும்பாலான கிருமிகள் இந்த வாசலிலேயே நின்றுபோகின்றன.

உள்ளே வந்துவிட்டவை என்ன செய்தன? ரால்ஸ்டோனியாவைப் பொறுத்தவரை, அதன் கசையிழைத் துண்டே மாறிப்போயிருப்பதால் தக்காளியின் எஃப்எல்எஸ்2 அதைக் கண்டுகொள்வதில்லை. அது போதாதென்று கிருமியிடம் ஒரு கன்னக்கோலும் இருக்கிறது. மூன்றாம் வகைச் சுரப்பமைப்பு என்று நூல்கள் சொல்லும் ஊசி அது. அதன் வழியே கிருமி தன் புரதங்களை நேராகச் செடியின் செல்லுக்குள் இறக்குகிறது. இவைதான் எஃபெக்டர்கள். அந்த ஊசியை மட்டும் மரபணு மாற்றத்தால் எடுத்துவிட்டால், அதே கிருமி அதே செடியில் நோயுண்டாக்க முடியாமல் போகிறது.

பூஞ்சைகளும், உருளைக்கிழங்குக் கருகலை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகளும் ஊசி இல்லாமலே இந்த வேலையைச் செய்கின்றன. சில எஃபெக்டர்கள் செல்லுக்கு வெளியே நின்றபடியே செயல்படும். நெல் குலைநோய்ப் பூஞ்சை ‘எஸ்எல்பி1’ என்ற புரதத்தைச் சுரந்து, உதிரும் கைட்டின் துண்டுகளை ஏற்பிக்குக் கிடைக்காமல் பொறுக்கிக்கொள்கிறது. கேழ்வரகுக் குலைநோயும் இந்தப் பூஞ்சையின் குடும்பத்தால்தான் வருகிறது. ஆனேக்கல் பக்கம் அதை ‘பெங்கி ரோகா’, அதாவது நெருப்பு நோய் என்கிறார்கள். கழுத்து கருகித் தலைசாய்ந்த கதிரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும்.

செடியும் சும்மா இல்லை. செல்லுக்குள் இரண்டாம் அடுக்குக் காவல் இருக்கிறது. எஃபெக்டரையோ, அது செய்த சேதத்தையோ கண்டுபிடித்ததும், தொற்றிய செல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டு கிருமியை அங்கேயே அடைத்துவிடும். ஹெரால்டு ஃப்ளோர் 1940களில் வடக்கு டகோட்டாவில் ஆளிச்செடியின் துரு நோயை வைத்து, செடியின் ஒரு மரபணுவுக்குக் கிருமியின் ஒரு மரபணு இணை என்று காட்டினார். அதன் உட்பொருள் பல பத்தாண்டுகள் கழித்தே விளங்கியது: கிருமியின் பக்கத்திலிருந்த அந்த மரபணு, செடியிடம் பிடிபட்டுப்போன ஓர் எஃபெக்டர்.

இந்த இடத்தில் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இது அடிப்படை. ரால்ஸ்டோனியாவின் ‘பாப்பி2’ என்ற எஃபெக்டர் செல்லின் உட்கருவுக்குள் போய், ‘டபிள்யூஆர்கேஒய்’ குடும்பத்துப் புரதங்களில் ஒரு லைசின் மீது அசெட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. இந்தக் குடும்பம்தான் எதிர்ப்பு மரபணுக்களை இயக்குவது. அசெட்டைல் ஒட்டியதும் அவற்றால் டிஎன்ஏவைப் பிடிக்க முடியாது, காவல் படுத்துவிடும். ஆனால் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் ‘ஆர்ஆர்எஸ்1’ என்ற காவல் புரதம், அதே டபிள்யூஆர்கேஒய் பகுதியைத் தன் உடம்பிலேயே ஒட்டவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பாப்பி2 வந்து அதிலும் அசெட்டைலை ஒட்டும். அந்தக் கணமே அபாய மணி அடித்துவிடும். 2015இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே நிறுவின. மானைப் பிடிக்க வேடர்கள் பழக்கிக் கட்டிவைக்கும் மானுக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர். ஆர்ஆர்எஸ்1 வைத்திருப்பதும் பார்வைதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. எஃபெக்டர் எங்கே கை வைக்கிறதோ, அங்கேதான் செடியின் உயிர்நிலை இருக்கிறது. கோடிக்கணக்கான தலைமுறைகளாகச் செடியைப் படித்துவைத்திருக்கும் கிருமியைவிட நல்ல வழிகாட்டி நமக்குக் கிடைக்காது. அதன் கை போகும் திசையைப் பார்ப்பதுதான் நம் வேலை.

நான்காம் படி: பட்டியலைச் சலித்தெடுங்கள்

இப்போது இழுப்பறையைத் திறக்கலாம். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, எல்லாக் கிருமிக்கும் ஒரே சல்லடையைப் போடுவது. பூஞ்சைக்கும் நீர்ப்பூஞ்சைக்கும் சிக்னல்பி என்ற மென்பொருள் சரி. புரதத்தின் தொடக்கத்தில் ‘இது வெளியே போகவேண்டியது’ என்று சொல்லும் சமிக்ஞைத் துண்டு இருக்கிறதா என்று அது பார்க்கும். இருப்பவற்றில் சவ்வில் செருகிக்கொள்பவற்றைக் கழித்துவிட்டு, எஃபெக்டரைக் கணிக்கும் எஃபெக்டர்பி மென்பொருள் வழியே ஒருமுறை சலியுங்கள். நீர்ப்பூஞ்சையில் ‘ஆர்எக்ஸ்எல்ஆர்’ என்ற அமினோ அமில அடையாளத்தையும் தேடுங்கள். உருளைக்கிழங்குக் கருகல் கிருமியின் மரபணுத்தொகை 2009இல் வெளியானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்எல்ஆர் மரபணுக்கள் அதில் காணப்பட்டன.

பாக்டீரியாவின் ஊசி வழியே போகும் எஃபெக்டர்களில் இந்தச் சமிக்ஞைத் துண்டு இருக்காது. சிக்னல்பி ‘இல்லை’ என்று சொன்னதை நம்பி நல்ல எஃபெக்டர்களைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ரால்ஸ்டோனியாவில், ஊசியை இயக்கும் கட்டுப்பாட்டுப் புரதமே எஃபெக்டர் மரபணுக்களையும் இயக்குகிறதா என்று பாருங்கள். ‘ரிப்’ என்ற பொதுப்பெயரில் இவற்றுக்குச் சீரான பட்டியல் இருக்கிறது. உங்கள் கிருமியின் மரபணுத்தொகையை அதோடு ஒப்பிடுவது ஒரு நாள் வேலை.

ஐந்தாம் படி: மரபணுவை எடுத்துக் கட்டுங்கள்

குளோனிங் முறைகளை உங்கள் ஆய்வுக்கூடத்து மூத்தவர்களே காட்டுவார்கள். அவர்கள் சொல்ல மறக்கும் இரண்டை மட்டும் நான் சொல்கிறேன். பூஞ்சை எஃபெக்டர் செடியின் செல்லுக்குள் வேலை செய்வது என்றால் சமிக்ஞைத் துண்டை நீக்கிவிட்டுக் கட்டுங்கள். வெளியே வேலை செய்வது என்றால் அதை விட்டுவையுங்கள். இரண்டாவது, தொடக்க மெத்தியோனினை அடுத்து கிளைசின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், செடி அந்தக் கிளைசினில் ஒரு கொழுப்பமிலத்தைப் பூட்டி, எஃபெக்டரைச் சவ்வோடு சேர்க்கக்கூடும். புரதத்தைப் பின்னால் கண்டறிய உதவும் அடையாள ஒட்டை அங்கே போட்டால் எஃபெக்டர் தன் இடத்துக்கே போகாது. ஒட்டு வாலில் இருக்கட்டும்.

மரபணு மாற்றிய கிருமிகளோடு வேலை செய்வதற்கு உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: இலையில் பொட்டு வையுங்கள்

நம் துறையின் பலகை நிகோடியானா பெந்தமியானா. ஆஸ்திரேலியாவில் தானாக வளரும் புகையிலை இனம். நான்கைந்து வார வயதுச் செடியில், மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள் இதற்கு ஏற்றவை. எஃபெக்டர் மரபணுவை, செடிக்குள் டிஎன்ஏவைச் செலுத்தவல்ல அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவில் ஏற்றி, இரவு முழுக்க வளர்த்து, மக்னீசியம் குளோரைடும் எம்இஎஸ்ஸும் தலா 10 மில்லிமோலார், அசிட்டோசிரிங்கோன் 150 மைக்ரோமோலார் உள்ள கரைசலில் கலந்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.4 வருமாறு நீர்க்கச் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் அறை வெப்பத்தில் இருக்கட்டும்.

ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சை இலையின் அடிப்புறத்தில் வைத்து, மேற்புறத்தில் விரலால் தாங்கி, மெதுவாக அழுத்துங்கள். நரம்புகளுக்கு இடையே பச்சை கறுத்துக்கொண்டே பரவுவது தெரியும். நல்லெண்ணெய் காகிதத்தில் ஊறுவது போல இருக்கும். அழுத்தம் கூடினால் விரல்நுனி வட்டமாக இலை நசுங்கி, மூன்றாம் நாள் அந்த இடம் செத்துப்போய் உங்களைக் குழப்பும். செடிக்கு முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, இலைத்துளைகள் திறந்திருக்கும் முற்பகலில் செய்தால் அழுத்தவே வேண்டியதில்லை. பொட்டின் எல்லையைக் கறுப்பு மார்க்கரால் வரைந்து வையுங்கள். நீர்க்கறை இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிடும்.

ஒரே இலையில் நான்கு பொட்டுகள் வேண்டும். ஒன்றில் உங்கள் எஃபெக்டர். இன்னொன்றில் ஒளிரும் பச்சைப் புரதம் மட்டும். மூன்றாவதில் நிச்சயம் செல்லைக் கொல்லும் என்று தெரிந்த ஒன்று. நான்காவதில் வினைத்திறனை அழித்த உங்கள் எஃபெக்டர்; பாப்பி2 என்றால் 321ஆம் இடத்துச் சிஸ்டீனை மாற்றியது. இந்த நான்காவது பொட்டு இல்லாமல் வரும் முடிவை நான் நம்புவதில்லை.

வெப்பம். இதை உரக்கச் சொல்கிறேன், ஏனென்றால் என்னுடைய மூன்று வாரங்கள் இதில் போயின. ஏப்ரல் மாதம். எந்தப் பொட்டிலும் எதுவும் நடக்கவில்லை, கொல்ல வேண்டியதுகூடக் கொல்லவில்லை. குளோனைச் சந்தேகித்து அதன் டிஎன்ஏ வரிசையை மறுபடி படித்தேன், அக்ரோவை மாற்றினேன். கடைசியில், பிற்பகல் மின்வெட்டில் குளிரூட்டி நின்று கண்ணாடி வீடு 31 டிகிரிக்கு ஏறுவதைப் பார்த்தேன். அக்ரோபாக்டீரியம் தன் டிஎன்ஏவைச் செடிக்குக் கொடுக்கும் வேலை 22 டிகிரியை ஒட்டி நன்றாக நடக்கும்; 29ஐத் தாண்டினால் ஏறத்தாழ நின்றே போகும். செடியின் காவல் புரதங்களிலும் சில வெப்பத்தில் மயங்கிவிடுகின்றன. புகையிலையின் ‘என்’ மரபணு தேமல் வைரஸைத் தடுப்பது 28 டிகிரிக்கு மேல் பலிப்பதில்லை. பெங்களூர் குளிர்ந்த ஊர் என்ற பேச்சை மார்ச் முதல் மே வரை நம்பாதீர்கள். செடிக்குப் பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, அதிகபட்ச அளவை நாள்தோறும் குறியுங்கள்.

ஏழாம் படி: இலை சொல்வதைக் கேளுங்கள்

மூன்றாம் நாள் பொட்டு வாடி, காகிதம்போல் காய்ந்தால் மகிழ்ச்சியில் உடனே ‘எஃபெக்டர் வேலை செய்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு நேரெதிரான பொருள்: எஃபெக்டர் பிடிபட்டுவிட்டது. ரால்ஸ்டோனியாவின் ‘ரிப்பி’ எஃபெக்டரைப் பெந்தமியானாவின் ‘ரோக்1’ என்ற காவல் புரதம் இப்படி அடையாளம் காண்கிறது. காவல் புரதங்களுக்குத் துணை நிற்கும் ‘எஸ்ஜிடி1’ மரபணுவை அடக்கிவிட்டு மறுபடி பொட்டு வையுங்கள். இப்போது செல் சாகவில்லை என்றால், முன்பு கொன்றது செடியின் காவல். எஃபெக்டர் வெறும் நஞ்சு அல்ல.

பொட்டு பச்சையாகவே இருந்தால் அங்கேதான் சுவையான வேலை தொடங்குகிறது. முதலில், புரதம் உண்டாகியிருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட் செய்து உறுதிசெய்யுங்கள். பிறகு எதிர்ப்பை அடக்குகிறதா என்று பாருங்கள். பொட்டிலிருந்து சிறு வட்டுகள் வெட்டி, வெட்டுக்காயத்தின் பதற்றம் அடங்க ஓரிரவு தண்ணீரில் மிதக்கவிட்டு, மறுநாள், வினைமிகு ஆக்சிஜன் பட்டால் ஒளிரும் லூமினாலும் 100 நானோமோலார் கசையிழைத் துண்டும் சேர்த்து ஒளியை அளந்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு மேடு எழும்பி, முக்கால் மணி நேரத்தில் தாழும். எஃபெக்டர் உள்ள வட்டில் மேடு எழாவிட்டால், அது முதல் அடுக்குக் காவலில் எங்கோ கை வைத்திருக்கிறது.

எட்டாம் படி: எதன்மீது கை வைக்கிறது?

இரு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று ஈஸ்ட் செல்லுக்குள் பார்க்கும் ஈஸ்ட் இரட்டைக் கலப்பு, ஒரு புரதத்தை இழுத்தால் எது கூட வருகிறது என்று பார்க்கும் கூட்டுவீழ்படிவு, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் இவை மூன்றும் வழிகள். தனித்தனியே எதையும் நம்பாதீர்கள், இரண்டாவது ஒத்துப்போகட்டும். ஈஸ்டில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் மனம் தளராதீர்கள். எஃபெக்டரின் இலக்கு புரதமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ‘ரிப்ஏஒய்’ என்ற எஃபெக்டர் செல்லின் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறை அழிக்கிறது. ஆனால் செடியின் தயோரெடாக்சின் என்ற புரதம் வந்து தொட்டால்தான் அது விழித்துக்கொள்கிறது. கிருமிக்குள் தூங்கி, செடிக்குள் விழிக்கும் புரதம். தனக்குத் தீங்கு வராமல் ஆயுதத்தைச் சுமக்கும் இந்த ஏற்பாட்டைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இலக்கு எப்போதும் காவலாகவே இருக்கவேண்டும் என்றும் இல்லை. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலில், கிருமியின் ‘டேல்’ வகை எஃபெக்டர்கள் செடியின் டிஎன்ஏவையே பிடித்து, சர்க்கரையை வெளியே விடும் ‘ஸ்வீட்’ மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. எதிர்ப்பை முடக்குவதோடு சாப்பாட்டுக்கும் வழி செய்துகொள்கின்றன. அந்தத் திறப்பிடத்தின் எழுத்துகள் மாறிப்போன நெல்லில் எஃபெக்டருக்குப் பிடி கிடைக்காது. எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு அதுதான். எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ21 இரண்டோடும் சேர்த்து அதை ஏற்றிய மேம்படுத்திய சாம்பா மசூரி நெல் ரகம் 2008இல் உழவர்களுக்கு வந்தது.

கடைசிப் படி: கிருமிக்கே திரும்பிப் போங்கள்

இலையில் கண்டதெல்லாம் மிகையாக உண்டாக்கிய புரதத்தின் வேலை. உண்மையான கிருமியில் அந்த மரபணுவை நீக்கி, தக்காளியில் நோய் குறைகிறதா என்று பார்த்தால்தான் கணக்கு முடியும். பல சமயம் குறையாது. ஒன்று விட்டதை இன்னொன்று செய்துவிடும். சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவில் 28 எஃபெக்டர்களை நீக்கிய திரிபு ஒன்றை உருவாக்கினார்கள். பின்னர் அதில் எட்டை மட்டும் திருப்பிக் கொடுத்ததும் பழைய வீரியத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. எனவே ஒற்றை நீக்கத்தில் மாற்றம் இல்லை என்பதற்காக எஃபெக்டரைக் கைவிட வேண்டாம். சாதாரணக் கிருமியையும் நீக்கிய கிருமியையும் சம அளவில் கலந்து ஒரே செடிக்குக் கொடுத்து, எது முந்துகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

தண்டில் குத்தி ஏற்றாதீர்கள். அது வேர் வழியே நுழையும் பாதி வழியைத் தாண்டிவிடும். நான்கு வாரத் தக்காளி நாற்றின் மண்ணில், மில்லிக்குப் பத்துக் கோடி செல்கள் உள்ள நீரை ஊற்றி, 28 டிகிரியில் வையுங்கள். நான்காம் நாளிலிருந்து, வாடாததற்கு 0, கால்பங்கு இலை வாடினால் 1, பாதிக்கு 2, முக்காலுக்கு 3, முழுதும் வாடினால் 4 என்று மதிப்பெண் போடுங்கள். எந்தத் தொட்டியில் எந்தக் கிருமி என்பது மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரியக்கூடாது. பக்கத்து மேசைத் தோழியிடம் எண்களை மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். நேரமும் நாள்தோறும் ஒன்றாகவே இருக்கட்டும், பிற்பகல் இரண்டு மணி என்றால் இரண்டு மணி. மாலை ஆறு மணிக்குப் போனால், மறுநாள் சாகப்போகிற நாற்றுகூட நிமிர்ந்து நிற்கும்.